டோட்டாவா, லீக்கா: எந்த உலகத் தொடரைப் பார்ப்பது?

இரண்டையும் பார்க்க நேரமில்லை என்பவர்களுக்காக இது. டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டும் ஐவர் அணிகள் மோதும் கணினி விளையாட்டுகள். டோட்டாவின் உலகத் தொடர் 'தி இன்டர்நேஷனல்', லீக்கின் உலகத் தொடர் 'வேர்ல்ட்ஸ்'; இரண்டுமே 2011-இல் தொடங்கியவை.

செலவு: இரண்டுக்கும் யூடியூபில் இலவச நேரலை உண்டு.

புரிதல்: லீக் சீக்கிரம் பிடிபடும். டோட்டாவில் கணினி இயக்கும் சொந்தப் படைவீரனையே அடித்து வீழ்த்தி, எதிரிக்குத் தங்கம் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணம்) கிடைக்காமல் செய்வார்கள்; பழகக் கொஞ்சம் நாளாகும்.

திருப்பம்: டோட்டாவில் ஆட்டக்காரர் இயக்கும் நாயகன் செத்தால், தங்கம் கொடுத்து உடனே எழுப்பலாம். முடிந்தது என்று நினைத்த ஆட்டம் அங்கேதான் புரளும், எனக்கு அதுதான் உயிர். லீக்கிலோ 2025 முதல், ஒருமுறை ஆட எடுத்த நாயகப் பாத்திரத்தை, பல ஆட்டங்கள் கொண்ட அதே மோதலில் யாரும் மறுபடி எடுக்க முடியாது. ஐந்தாவது ஆட்டம் வந்தால், ஆட்டத்துக்குப் பத்து வீதம் 40 பாத்திரங்கள் கைவிட்டுப் போயிருக்கும்!

புதியவர்களுக்கு லீக். பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் கண்டிப்பாக டோட்டா.