பேத்தை மீனுக்கு 14,000 யென்: ஷிமோனோசெக்கியில் ஒரு மதிய விருந்து

இராமநாதபுரம் கடற்கரையில் வலையை உதறி மீன் பிரிக்கும்போது பேத்தை அகப்பட்டால், அதைக் கூடையில் போடாமல் காலால் ஒதுக்கி மணலில் தள்ளிவிடுவார்கள். பந்துபோல் உப்பிக் கிடக்கும் அந்த மீனைச் சிறுவயதில் நாங்கள் உதைத்து விளையாடியிருக்கிறோம். அதே இனத்தைச் சேர்ந்த மீனை, ஜப்பானின் ஷிமோனோசெக்கி நகரில், தலைக்கு 14,000 யென் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு முன்பே இடம் சொல்லிவைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டது, "பேத்தையைக் காசு கொடுத்தா தின்றாய்?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது என்பதால், சுவையோடு சேர்த்து அதற்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

எதிர்க்கரையிலுள்ள மோஜி துறைமுகத்திலிருந்து படகில் ஏறினால் ஐந்தே நிமிடங்களில் கரட்டோ மீன் சந்தையின் அருகில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில், எட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறிய உணவகம் அது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டமே போதுமாம். பேத்தைக்கு ஜப்பானியப் பொதுப்பெயர் ஃபுகு. இந்த ஊர்க்காரர்கள் அதை 'ஃபுக்கு' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். ஒசாக்காக்காரர்கள் அவ்வளவு மங்கலமாகப் பேசுவதில்லை. அவர்களுக்கு இந்த மீன் 'தெப்போ', அதாவது துப்பாக்கி. குண்டு படுவதற்கும் உணவு நஞ்சாவதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே வினைச்சொல்தான் என்பதால், இரண்டும் பட்டால் போச்சு என்ற பொருளில் வந்த பெயர் அது.

முதலில் வந்தது தெஸ்ஸா எனப்படும் பச்சை மீன் சீவல். தட்டிலுள்ள நீலக் கொடியும் பூவும் அப்படியே தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, செவ்வந்தி இதழ்களைப்போல் வட்டமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு சீவலில் வெங்காயத் தாளைச் சுருட்டி, புளிப்புப் பழச்சாறு கலந்த சோயாவில் தொட்டு வாயில் வைத்தால், முதலில் சுவை என்று எதுவும் தெரிவதில்லை. சற்று முற்றிய நுங்கை மெல்லும்போது பல்லுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு இருக்கிறது. நன்றாக மென்ற பிறகே மங்கலான ஓர் இனிப்பு வருகிறது. நல்ல மீன்தான், ஆனால் சுவைக்கு மட்டும் விலை வைத்தால் இதன் கால்பங்குகூடக் கொடுக்க மாட்டேன்.

எனவே மீதி முக்கால் பங்கு எதற்கான விலை என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த மீனின் கல்லீரலிலும் சினைப்பையிலும் மிகுதியாக இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அது நரம்புகளில் சோடியம் செல்லும் வாயில்களை அடைத்துவிடுவதால், உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி, நினைவு தெளிவாக இருக்கும்போதே தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, கடைசியில் மூச்சு நிற்கிறது. மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றினால்தான் உண்டு. இவ்வளவையும் படித்துவிட்டுப் போயிருந்ததால், முதல் சீவலை விழுங்கியபின் என் உதட்டை நானே நான்கைந்து முறை கடித்துப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அரைத்தட்டு காலியாவதற்குள், பக்கத்திலிருந்த அலுவலக நண்பரைப்போல நானும் மூன்று சீவல்களை ஒன்றாக வழித்து எடுக்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் மீனைப் பற்றி நான் புதிதாக எதையும் தெரிந்துகொண்டிருக்கவில்லை. முன்னால் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒன்றே அச்சம் போகப் போதுமானதாக இருந்தது.

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ, 1975 ஜனவரியில் கியோட்டோவில் ஃபுகு கல்லீரலை நான்கு பங்கு உண்டு இறந்தார். ஜப்பான் அரசு வாழும் கலைச்செல்வமாக அறிவித்திருந்தவர் அவர். பழகாதவர் அல்லர், தமக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதாகவே கூறப்படுகிறது. பரிமாறிய சமையற்காரரை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 1983இல் நாடு முழுவதும் உணவகங்களில் ஃபுகு கல்லீரல் தடைசெய்யப்பட்டது. இன்றும் ஃபுகு நஞ்சால் இறக்கும் சிலரில் பெரும்பாலோர், தாங்களே பிடித்து வீட்டில் அறுத்துச் சமைத்தவர்கள்தாம்.

இரண்டாவது தட்டின்போது உரிமையாளரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்த விருந்துக்கான மீன் பண்ணையில் வளர்த்தது என்றார். நஞ்சு மீனிலேயே ஊறுவதில்லை; கடலில் பாக்டீரியாவிலிருந்து தொடங்கி இரை வழியாக ஏறி வருவது. ஆகவே கட்டுப்படுத்தப்பட்ட தீனியில் வளரும் மீனில் அது அநேகமாக இருப்பதில்லை. அதற்கும் மேலாக, உரிமம் பெற்ற கைகள் குடலையும் ஈரலையும் நீக்கிய பிறகே மீன் கடைக்கு வருகிறதாம். இவ்வூரின் ஹாயெடொமாரி ஃபுகு ஏலச் சந்தையில் கறுப்பு உறைக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுகிறார்கள் என்று அவர் விளக்கியபோது, நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் நடக்கும் பேரம் நினைவுக்கு வந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதானால், மீன் பாதுகாப்பானது என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதியன்று, ஏமாற்றம். கடலில் பிடித்த மீன் வேண்டுமென்றால் 25,000 யென் என்று அவர் சொன்னபோது, ஒரு கணம் பணப்பையைத் தொட்டும் பார்த்தேன். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்த ஏமாற்றம்தான்.

'ஃபுகு தின்னவும் ஆசை, உயிர் மேலும் ஆசை' என்று ஜப்பானியப் பழமொழி உண்டு. நம் கூழும் மீசையும் அங்கே மீனும் உயிருமாக இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொரியப் படையெடுப்புக்குத் திரண்ட வீரர்கள் இதைத் தின்று மாண்டதால், அப்போது ஜப்பானை ஆண்ட டொயொடொமி ஹிதெயொஷி தடை விதித்தார். ஷிமோனோசெக்கியின் ஷுன்பன்ரோ விடுதியில் ஜப்பானியப் பிரதமர் இட்டோ ஹிரொபுமிக்கு, புயலால் வேறு மீன் கிடைக்காத நாளில், விடுதித் தலைவி துணிந்து தடைசெய்யப்பட்ட மீனையே பரிமாறினாராம். 1888இல் ஷிமோனோசெக்கி அடங்கிய யமகுச்சி மாகாணத்தில் தடை நீங்கியதும் முதல் அனுமதி அந்த விடுதிக்கே கிடைத்தது. இஷிகாவா மாகாணத்தில், கொடிய நஞ்சுள்ள சினையையே உப்பிலும் தவிட்டிலும் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உண்ணத்தக்கதாக்குகிறார்கள். எத்தனை மாதம் போதாது என்பதை யாரோ சிலர் தின்றுதான் கண்டறிந்திருக்க வேண்டும்.

விருந்தின் மற்ற பகுதிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொரித்த துண்டுகள் சாதாரணம். சுட்ட துடுப்பைச் சூடான சாக்கே என்ற அரிசி மதுவில் போட்டுத் தீமூட்டித் தரும் பானம் கருவாட்டு மணம் பிடித்தவர்களுக்கு மட்டும். கடைசியில், மீன் வெந்த சாற்றில் சோறும் முட்டையும் சேர்த்து வரும் ஸொசுயி என்ற கஞ்சிதான் மேசையில் உண்மையாகவே ருசியான பண்டம். நுங்கின் எதிர்ப்பில் ஒளிந்திருந்த இனிப்பு முழுவதும் அதில் இறங்கியிருந்தது. அதற்காக மட்டுமே இன்னொரு முறை போவேன்.

போக விரும்புகிறவர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள குளிர் பருவத்தில், முன்பதிவு செய்து போகலாம். பணம் கட்டும்போது, கல்லீரல் கேட்கிறவர்கள் இப்போதும் உண்டா என்று விசாரித்தேன். ஆண்டுக்கு ஓரிருவராவது கேட்பார்கள், முதன்முறை வருபவர் ஒருவரும் கேட்டதில்லை என்றார் உரிமையாளர்.