ஸ்கிரீன் மாற்றக் கொடுக்கும்போது "அதே சைஸ்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

லேப்டாப் ஸ்கிரீன் உடைந்து சர்வீஸ் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் லேப்டாப் திரையில் விரிசல் விழுந்தது. கடையில், "15.6 இன்ச், ஃபுல் ஹெச்டி, அதே 30 பின் கனெக்டர். பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றார்கள். ஆன் செய்ததும் வித்தியாசம் முகத்தில் அடித்தது. சிவப்பெல்லாம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது. மூடியைப் பின்னால் சாய்த்தால் படம் இருண்டு நெகட்டிவ் மாதிரி புரண்டது, முன்னால் இழுத்தால் வெளிறிப்போனது. பிரைட்னஸை முழுசாக வைத்தும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை.

கேட்டதற்கு முதலில் டிரைவர் அப்டேட் செய்யச் சொன்னார்கள். அப்புறம் கலர் செட்டிங்கை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கடைசியில், "கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும்" என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருப்பதுதான் கூடுதல் எரிச்சல்.

என்ன பேனல் (படம் காட்டும் திரைப் பாகம்) போட்டிருக்கிறார்கள் என்று நாமே பார்த்துவிடலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதன் கீழ் இருப்பதன் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய், டீடெய்ல்ஸில் ஹார்டுவேர் ஐடிஸைத் தேர்ந்தெடுங்கள். பேனல் தயாரித்தவரைக் குறிக்கும் மூன்று எழுத்தும் ஒரு குறியீடும் வரும். லேப்டாப் எந்த பிராண்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே போன்றவர்களின் பேனல்தான். அந்தக் குறியீட்டை இணையத்தில் தேடினால் பேனலின் விவரம் கிடைத்துவிடும். என் பழைய திரை ஐபிஎஸ் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு), கணினித் திரைகளுக்கான பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபியின் நிறங்கள் 100 சதவீதம். மாட்டியிருந்தது டிஎன் (கோணம் மாறினால் நிறமும் மாறும் மலிவு வகை), 220 நிட்ஸ், என்டிஎஸ்சி என்ற இன்னொரு நிற அளவில் 45 சதவீதம்.

இந்த என்டிஎஸ்சி கணக்கில் கவனம் வேண்டும். 1953-ல் தொலைக்காட்சிக்காக வகுத்த அளவு அது. அதில் 72 சதவீதம் இருந்தாலே ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி ஆகிவிடும். 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் அறுபது சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

ஐபிஎஸ், டிஎன் இரண்டுமே எல்சிடி வகைதான். எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னாலிருக்கும் எல்இடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாளிலேயே போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதியை கலர் ஃபில்டர் விழுங்கும். கண்ணுக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிறம் ஆழமாக வேண்டுமென்றால் ஃபில்டர் அடர்த்தியாக இருக்க வேண்டும், அப்போது பின்னாலிருந்து இன்னும் அதிக வெளிச்சம் தேவை. அதற்கு நல்ல எல்இடி, வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும் நல்ல டிஃப்யூசர் தாள்கள் என்று செலவு கூடும். மலிவு பேனலில் எல்இடியையும் குறைத்து, ஃபில்டரையும் வெளிறலாக வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். அதனால்தான் மங்கலும் வெளிறிய நிறமும் சேர்ந்தே வருகின்றன. கலர் செட்டிங் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பேனலால் காட்ட முடியாத சிவப்பை எந்த சாஃப்ட்வேரும் வரவழைக்காது.

நல்லதோ மட்டமோ, 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி பேனல்களில் பெரும்பாலானவை அதே 30 பின் கனெக்டரில் வருகின்றன. மாட்டினால் வேலை செய்யும். கடைக்காரருக்கு அந்த வசதி போதும்.

புதிதாக வாங்கும்போதும் இதே சிக்கல் உண்டு. ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு பேனல்கள் வருவது சகஜம். விவரப் பட்டியலில் நிட்ஸும் நிற சதவீதமும் இல்லாமல் "ஃபுல் ஹெச்டி, ஆன்ட்டி கிளேர்" என்று மட்டும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் இரண்டிலுமே மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பு திரையை மங்கலாக்கலாம். ஏஎம்டியில் அதன் பெயர் வேரி-பிரைட். அதை அணைத்து, சார்ஜரையும் மாட்டிப் பாருங்கள். நான் அதைச் செய்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

அங்கே பில்லை நீட்டினார்கள். அதில் "15.6 எஃப்ஹெச்டி ஸ்கிரீன்" என்று மட்டும் எழுதியிருந்தது. "சொன்னதைத்தானே போட்டிருக்கோம், ஐபிஎஸ் வேணும்னா மறுபடி முழுப் பணம்" என்றார்கள். பழைய பேனலைக் கேட்டால், குப்பைக்குப் போய்விட்டதாம். பணம் கட்டும் முன் பேனலின் முழு மாடல் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் லேப்டாப்பை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.