வண்டல் தடுப்பு வேலி: ஒரு மழைக்காலப் பயன்பாட்டுக்குப் பின்

மழைநீர் அரித்துவரும் மண் வெளியேறாதபடி கட்டுமானத் தளத்தின் தாழ்வான ஓரத்தில் கறுப்புத் துணியாக நிற்கும் வண்டல் தடுப்பு வேலியை, நிலத்தில் அடிக்கும் முளைகள் முன்கூட்டியே இணைக்கப்பட்ட சுருளாக வாங்கி ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தினோம். நெய்த பாலிப்ரொப்பிலீன் துணியைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. வெயிலில் நைந்துபோகவில்லை, தையலும் பிரியவில்லை. முளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வேலியைச் சல்லடை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது நீரைச் சற்று நேரம் தேக்கிவைக்கிறது. வேகம் தணிந்த நீரிலிருந்து மணலும் பருமனான வண்டலும் அடியில் படிகின்றன. களிமண் துகள்கள் படிவதற்கு அந்த நேரம் போதாது, துணியின் கண்களும் அவற்றை நிறுத்தாது என்பதால், களிமண் நிலத்தில் இதை மட்டும் நம்பினால் வெளியேறும் நீர் கலங்கலாகவே இருக்கும்.

தேங்கும் நீரின் பாரம் முழுவதையும் முளைகளே தாங்க வேண்டும். கம்பிவலைத் தாங்கல் இல்லாத துணிக்கு முளைகளின் இடைவெளி 6 அடியைத் தாண்டாமல் வைப்பதே வழக்கம். எங்கள் சுருளிலோ 8 அடிக்கு ஒன்றுதான் இருந்தது. முதல் கனமழையிலேயே துணி தொந்தி போட்டது, ஒரு முளை மண்மட்டத்தில் முறிந்தது.

இதைவிடப் பெரிய குறை, புதைப்பதற்கென விடப்பட்ட துணி அரையடி மட்டுமே என்பது. 6 அங்குல ஆழத்தில் பள்ளம் வெட்டி, துணியை அதன் அடியில் மேட்டுப்பக்கமாக மடித்துப் பரப்பி, மண் தள்ளித் திமிசுக்கட்டையால் இறுக்கினால்தான் நீர் அடியில் புகாது. மடிக்கத் துணியே இல்லையென்றால் என்ன செய்வது? மழை விட்டபின் போய்ப் பார்த்தபோது வேலியின் மேட்டுப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. மறுபக்கம், விரல் நுழையுமளவு ஒரு துளையிலிருந்து சேறு விசிறிபோல் பரவிக் கிடந்தது.

வேலியைச் சமமட்டத்தில் நட்டு முனைகளை மேட்டை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதையோ, ஓடும் வாய்க்காலின் குறுக்கே நடக்கூடாது என்பதையோ உடன்வந்த குறிப்புத்தாள் சொல்லவில்லை. 100 அடி வேலிக்குக் கால் ஏக்கர் வடிநிலமே (வேலியை நோக்கி நீர் வடியும் நிலப்பரப்பு) வரம்பு என்ற பொதுக் கணக்கும் அதில் இல்லை.

பராமரிப்புக்கு நாங்கள் பின்பற்றியது, 1 ஏக்கர் அல்லது அதற்கு மேல் நிலத்தைக் கிளறும் பணிகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி அனுமதியின் விதிகளை. 7 நாளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். அல்லது 14 நாளுக்கு ஒருமுறையும், கால் அங்குலமோ அதற்கு மேலோ மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் செய்ய வேண்டும். படிந்த வண்டல் வேலியின் பாதி உயரத்தை எட்டுமுன் அதை அள்ளிவிட வேண்டும். அந்தப் பாதி உயரத்தில் துணியின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைத்தோம். மண் எப்போது அள்ளுவது என்ற வாக்குவாதம் அதோடு நின்றது.

அடுத்த தளத்துக்கு இதே துணியை அகலம் கூடிய தனிச் சுருளாக வாங்கி, முளைகளை 2 அங்குலத் தடிப்பில் அறுத்துத் தரும்படி தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.