நாக்கு நீண்ட நாய்க்கு எந்த வைத்தியம்?

பெடிகிரி மாதிரிக் கடையில் வாங்கும் உலர் தீனியைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். கோழிக் குழம்பு கொதித்தால் அடுப்படி வாசலில் தவம் கிடக்கும். இப்படிப்பட்ட நாய்க்கு அக்கம்பக்கம் சொல்லும் வைத்தியங்கள்: பிராண்டை மாற்று, மேலே எதையாவது ஊற்று, வீட்டிலேயே சமை, கையால் ஊட்டு, பட்டினி போடு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் பலித்ததுதான். ஆனால் இன்று தின்ன வைப்பது வேறு, நாளையும் தின்ன வைப்பது வேறு.

அதற்கு முன் ஒன்று. நேற்றுவரை ஒழுங்காகத் தின்ற நாய் திடீரென்று நிறுத்தினால் அதற்கு அடம் என்று பெயர் வைக்காதீர்கள். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அதில் எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு வகையிலுமே தீனியை மறுப்பதும் சோர்ந்து கிடப்பதும் சீக்கிரமே தெரியும். பிரியமான ஈரல் துண்டைக்கூடத் தொடாவிட்டால் மருத்துவரிடம் கிளம்புங்கள். ஈரலைக் கவ்வுகிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. பல்வலி வந்த நாயும் மெத்தென்றதைத் தின்றுவிட்டுக் கடினமானதை விட்டுவிடும். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாத நாயைக் காட்டியே ஆக வேண்டும். குட்டி என்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கருத்தடை செய்த பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 450 கலோரி இருக்கிறது. தாத்தா காலையில் நாலு, பிள்ளைகள் மாலையில் ஆறு என்று போட்டுவிட்டு, ராத்திரி கிண்ணம் காலியாகவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. தின்பண்டம் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இனி வைத்தியங்களுக்கு வருவோம். பிராண்டை மாற்றுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். காசும் இதில்தான் அதிகம் கரையும். புதுப் பையை நாய் இரண்டு நாள் ஆவலாகத் தின்னும், பிறகு பழைய கதைதான். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வேறு. புதியதைப் பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுவதே முறை. பல வீடுகளில் குறை பிராண்டில் இல்லை, பையில்தான். திறந்த பையில் காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் சீக்கிரமே நமத்தும் போகும். நமக்கு வராத அந்த வாடை நாய்க்கு நன்றாகவே வரும். மலிவு என்று சின்ன நாய்க்குப் பெரிய மூட்டை வாங்குவதும், கடையில் திறந்து வைத்த மூட்டையிலிருந்து லூஸில் வாங்குவதும் வீண் செலவு. ஒரு மாதத்தில் தீரும் அளவு போதும்.

மேலே ஊற்றும் வழியை நான் ஓரளவு ஆதரிப்பேன். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீத அளவில்தான் இருக்கும், வாசனையும் மந்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டாலே மணம் எழும்பிவிடும். செலவே இல்லாத இதைச் செய்து பார்க்காமல் டின் உணவு வாங்க ஓடாதீர்கள். அடுத்து, உப்பு போடாத கோழி வேகவைத்த தண்ணீர், அவித்த முட்டை கொஞ்சம். குழம்பு மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டுத் தூளில் உப்பு அதிகம். மேலே தூவினால் நக்கி எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடும். நன்றாகப் பிசறிக் கொடுங்கள். ஊறிய தீனி வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கும், மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

வீட்டுச் சமையல்தான் சண்டை அதிகம் நடக்கும் இடம். சோறு நாய்க்கு ஆகாது என்பவர்கள் ஓநாயை உதாரணம் காட்டுவார்கள். 2013-இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு மிக அதிகம் என்று காட்டியது. ஆகவே சோறு குற்றவாளி இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தயிர்சோற்றில் புரதம் போதாது. கோழியும் சோறும் கலந்தால் புரதம் சரியாகும், கால்சியம் இடிக்கும்: கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். வளரும் குட்டிக்கு மாதக்கணக்கில் இதையே போட்டால் எலும்பு வலுவிழக்கும். அதை ஈடுகட்ட வெந்த எலும்பைப் போடுவது அதைவிட ஆபத்து, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மருத்துவரிடம் அளவு கேட்டு, கால்சியமும் சத்துக் கலவையும் சேர்த்துச் சமைப்பவருக்கு இது நல்ல உணவுதான். அடத்துக்கு மருந்தாக மட்டும் இதைக் கையில் எடுக்காதீர்கள். சோறும் கோழியும் ஒருநாள் சலித்தால் அடுத்து என்ன செய்வீர்கள், ஆட்டுக்கறியா?

கையால் ஊட்டுவது நோயிலிருந்து தேறும் நாய்க்கும், புதிதாக வீட்டுக்கு வந்து மிரண்டிருக்கும் நாய்க்கும் சரி. மற்ற நாய்கள் மறுநாளிலிருந்து உங்கள் கைக்காகக் காத்திருக்கும்.

என் ஓட்டு நேரம் வைத்துப் போடுவதற்குத்தான். இது பட்டினி அல்ல. காலை, இரவு என இரண்டு வேளை. கிண்ணத்தை வைத்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தின்னாவிட்டால் கெஞ்சலும் இல்லை, மாற்று உணவும் இல்லை, இடையில் பிஸ்கட்டும் இல்லை. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். பிராண்ட் மாற்றமும் ஊட்டலும் ‘மறுத்தால் இதைவிட நல்லது வரும்’ என்று நாய்க்குப் பழக்கிவிடுகின்றன. இது அந்தப் பழக்கத்தை அறுக்கிறது. நாள் முழுக்கக் கிண்ணத்தை நிரப்பி வைக்கும் வீடுகளில் வித்தியாசம் சீக்கிரமே தெரியும். சிரமம் நாயிடம் இல்லை, வீட்டில் யாராவது ஒருவர் மனம் இளகிவிடுவதில்தான். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த முறை எல்லா நாய்க்கும் பொருந்தாது. குட்டிகளுக்கும் பொம்மை ரகச் சின்ன நாய்களுக்கும் வேளை தவறினால் சர்க்கரை இறங்கிவிடும். கிழ நாய்க்கும் சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. அவற்றுக்கு வெந்நீரில் ஊறிய தீனியும் முட்டையுமே முதல் வழி. கத்திரி வெயிலில் நல்ல நாயும் அரைக் கிண்ணத்தோடு நிறுத்தும். அந்த நாட்களில் காலைத் தீனியை விடிவதற்குள்ளும் இரவுத் தீனியை எட்டு மணிக்கு மேலும் வையுங்கள்.