மதுரை, ராமேஸ்வரம் போகிறவருக்கு எந்தச் சலுகை உதவும்? மலிவு விடுதிகளும் இலவசக் கையேடுகளும்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுக்குள் இரண்டு மூன்று நாள் குடும்பத்தோடு போய்வருகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி வண்டி ஏறி, விடியற்காலையில் போய் இறங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கிய குடும்பத்துக்கு உடனே வேண்டியது பல் தேய்த்துக் குளிக்க ஓர் இடம். ஆனால் செயலியில் '60 சதவீதம் தள்ளுபடி' என்று பிடித்த அறை பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும். நடுவில் உள்ள இந்த ஏழு மணி நேரத்துக்கு விடுதி என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சதவீதம் எல்லாம் அப்புறம்.

நம் ஊர்ப் பயணிக்குக் கையில் இருக்கிற வழிகள் ஐந்து: ஓயோ, ட்ரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் மாதிரியான செயலிச் சங்கிலிகள், டாடா குழுமத்தின் ஜிஞ்சர், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு', ரயில் நிலையத்து ஓய்வறை, அப்புறம் ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவே வரிசையாக நிற்கிற நம்முடைய சாதாரண லாட்ஜ்.

செயலிச் சங்கிலிகள்

ஓயோ 2013இலும், ஃபேப்ஹோட்டல்ஸ் 2014இலும், ட்ரீபோ 2015இலும் தொடங்கியவை. இவற்றின் பெயர்ப் பலகை மாட்டிய கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை வேறு ஒருவருடைய சொத்து. ஏற்கெனவே இருந்த லாட்ஜ்தான் புதுப் படுக்கை விரிப்போடும் புதுப் பெயரோடும் செயலிக்குள் வருகிறது. அதனால் ஒரே ஊரில், ஒரே பெயரில் இருக்கும் இரண்டு விடுதிகளில் ஒன்று நன்றாகவும் மற்றது சுமாராகவும் இருக்கலாம். பெயரை நம்பிப் பதிவு செய்யாமல், அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பற்றிக் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

சலுகைகளில் இந்த வகைக்குத்தான் முதலிடம். முதல் பதிவுக்குத் தள்ளுபடி, கூப்பன், ஓயோவின் 'விசார்ட்' உறுப்பினர் சலுகை, வங்கி அட்டைக்குத் தனிச் சலுகை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆனால் அந்தச் சதவீதம் எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகிறது என்று பாருங்கள். கோடு போட்டு அடித்துக் காட்டுகிற அந்தப் பெரிய தொகையை யாராவது நிஜமாகவே கொடுத்துத் தங்குகிறார்களா என்பது சந்தேகம்தான்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 2,500 ரூபாயை அடித்துவிட்டு 1,000 என்று காட்டுகிறார்கள். வரி 5 சதவீதம், 50 ரூபாய். காலையிலேயே அறை வேண்டுமென்றால் 500. பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா பெட் 300. ஆக மொத்தம் 1,850. பக்கத்துத் தெரு லாட்ஜில் மூன்று பேர் தங்கும் அறை 1,400, வரி 70, மொத்தம் 1,470, போனவுடன் சாவி. தள்ளுபடி என்ற சொல்லே இல்லாத இடத்தில் 380 ரூபாய் மிச்சம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கூட்டிப் பார்க்கிற முறை மாறாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூலை வரை நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம். பழைய 12 சதவீதத்தை இன்னும் யாராவது பில்லில் போட்டால் கேளுங்கள்.

விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் முழுத்தொகையைக் காட்டுவது, 'இன்னும் ஒரே அறைதான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத காப்பீடு, நன்கொடை மாதிரியானவற்றைக் கூடையில் போட்டுவிடுவது ஆகியவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. பதிவு செய்யும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் புகாருக்குக் கைகொடுக்கும்.

இந்தச் சங்கிலிகளில் எனக்கு உண்மையாகவே பிடித்த சலுகை 'விடுதியில் வந்து பணம் கட்டலாம்' என்பதுதான். பதிவு எண்ணை நீட்டினால் 'எங்களுக்குத் தகவல் வரவில்லை' என்று வரவேற்பில் கைவிரிப்பதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். பணம் கட்டாதவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். முழுப் பணமும் கட்டியவர் உதவி மையத்தோடு போனில் போராட வேண்டும். சித்திரைத் திருவிழா, பொங்கல், அரையாண்டு விடுமுறை மாதிரி நெருக்கடியான நாட்களில் மட்டும் இது தலைகீழ். பணம் கட்டாத பதிவை விடுதிக்காரர் கண்டுகொள்ளமாட்டார். அந்த நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். முதல் நாள் விடுதிக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

போன் போடும்போது நேரடி விலையையும் கேட்டுவிடுங்கள். தன் தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைத்து விடுதிகள் வேறெங்கும் விற்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் பயணப் பதிவுத் தளமான மேக்மைட்ரிப் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே வழக்கில் ஓயோவுக்கு 168.88 கோடி. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீக்கவும் மேக்மைட்ரிப்புக்கு உத்தரவிட்டது. செயலிக்குத் தர வேண்டிய தரகுத்தொகை மிச்சமாகிறது என்பதால், நேரில் கேட்பவருக்குக் குறைத்துத் தர விடுதிக்காரருக்கும் மனம் வரும்.

ஜிஞ்சர்

2004இல் பெங்களூரில் 'இண்டிஒன்' என்ற பெயரில் தொடங்கியது, பிறகு ஜிஞ்சர் ஆனது. தாஜ் ஓட்டல்களை நடத்தும் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் கிளை. அறைக்கு அறை தரம் பெரிதாக மாறாது என்பது பெரிய நிம்மதி. தங்கினால் டாடாவின் நியூகாயின் சேரும். ஒரு காயின் ஒரு ரூபாய். மாதத்துக்கு இரண்டு தடவை சென்னைக்கு வந்துபோகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கு இது நல்ல சேமிப்பு. வருஷத்துக்கு ஒரு பயணம் போகிற குடும்பத்துக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. கோயில் ஊர்ப் பயணத்துக்கான விடுதி என்று இதை நான் நினைப்பதில்லை, வேலையாகப் போகிறவருக்கானது.

ஹோட்டல் தமிழ்நாடு

சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கியது. நல்ல இடங்களை அப்போதே பிடித்துவிட்டார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டி, ஏற்காட்டில் ஏரிக்கருகில், கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் கடலுக்குப் பக்கத்தில். இன்றைக்கு ஒரு தனியார் அந்த இடத்தில் கட்டினால் வாடகை நமக்கு எட்டாது. பராமரிப்பு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. புதுப்பித்த பிளாக் எது, பழையது எது என்று கேட்டு, புதுப்பித்ததில் அறை கேளுங்கள். வேன் பிடித்துப் பத்துப் பேர் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: வண்டி நிறுத்த இடம் இருக்கும், பிள்ளைகள் ஓடியாட முற்றம் இருக்கும். டிரைவர் படுக்க இடம் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். எந்தச் செயலியும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவர் சீட்டிலேயே சுருண்டு படுத்துவிட்டு மறுநாள் மலைப்பாதையில் நம்மை ஏற்றிப் போவது நமக்குத்தான் ஆபத்து.

ஓய்வறையும் லாட்ஜும்

ரயில் நிலைய ஓய்வறைக்குத் தள்ளுபடி, கூப்பன் ஒன்றும் கிடையாது. உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் ஐஆர்சிடிசி வழியாகவே பதிவு செய்யலாம். 48 மணி நேரம் வரை தங்கலாம். பெரிய நிலையங்களில் தனி அறையோடு, பலர் சேர்ந்து படுக்கும் டார்மிட்டரியும் இருக்கும். தனியாகப் போகிறவர் குளித்து, நாலு மணி நேரம் படுத்து எழுந்து ஊர் சுற்றிவிட்டு ராத்திரி வண்டியைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. குறை ஒன்றுதான்: அறைகள் மிகக் குறைவு. டிக்கெட் உறுதியான அன்றே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. பைகளை நிலையத்து கிளோக் ரூமில் வைக்க வேண்டுமானால் பூட்டோடு கொண்டு போங்கள். பூட்டாத பையை வாங்கமாட்டார்கள்.

இனி லாட்ஜ். மதுரை டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் நடந்தால் '24 மணி நேர செக்-அவுட்' என்ற வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம். காலை ஐந்தரைக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்தரை வரை அறை நம்முடையது. எந்த நிறுவனமும் இதைச் சலுகை என்று விளம்பரம் செய்ததில்லை. ஆனால் ராத்திரி வண்டியில் போய், மறுநாள் விடியற்காலை அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவருக்கு இதற்கு ஈடாக எந்தத் தள்ளுபடியும் இல்லை. திருவிழா நாட்களில் சில லாட்ஜ்கள் இதை நிறுத்திவிட்டுப் பகல் 12 மணிக் கணக்குக்குப் போய்விடும் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன் கேட்டு, ரசீதில் நேரத்தை எழுதி வாங்குங்கள்.

ராமேஸ்வரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரம் மாற்றிக்கொண்டுதான் தரிசனம். எல்லாம் காலை வேலை. பகல் 12 மணிக்கு அறை தருகிற விடுதியால் அன்றைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குக் கஷ்டம்தான்.

இலவசக் கையேடுகள்

சங்கிலி விடுதிகள் தங்கள் தளங்களில் 'மதுரையில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்' என்று எழுதி வைத்திருக்கின்றன. விடுதியிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்பதற்கு அவை போதும். ஆனால் அறையை விற்க எழுதியவை ஆதலால் எந்த இடம் எப்போது பூட்டியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சுற்றுலாத் துறை அலுவலகங்களில் கிடைக்கும் மடிப்புத் தாள்களும் வரைபடமும் வேறு மாதிரி. திருவிழாக்கள், வரலாறு, ஊர்களுக்கு இடையிலான தூரம் எல்லாம் சரியாக இருக்கும். புதுப்பிப்பதில்தான் சுணக்கம். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே சுற்றுலா இடங்களின் பட்டியல் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை.

கையேடு யாருடையதாக இருந்தாலும் அதை நம்பலாமா என்று பார்க்கச் சில சோதனைகள் வைத்திருக்கிறேன். மதுரை என்றால், மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்று இருக்கிறதா? உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது என்று இருக்கிறதா? 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கிறதா? தனுஷ்கோடிக்கு இன்னும் மணலில் வேன் ஏறித்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தால் அது 2017க்கு முந்தைய சரக்கு. அரிச்சல்முனை வரை சாலை வந்தாகிவிட்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அது இல்லாத கையேட்டை மூடி வையுங்கள்.

இந்தச் சோதனைகளில் அச்சிட்ட தாள்களைவிட இணையக் கையேடுகள் கொஞ்சம் நன்றாகத் தேறுகின்றன. ஆனாலும் கோயில் நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் நான் கடைசியாக நம்புவது லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான். அவர் தினமும் ஐம்பது பேருக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யாருக்கு எது

மதுரை, ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு ரயிலில் போனால் 24 மணி நேர லாட்ஜ். தனியாகப் போனால் ஓய்வறை, கிடைக்காவிட்டால் லாட்ஜ். பெரிய கூட்டமாக வேனில் போனால் ஹோட்டல் தமிழ்நாடு. முன்பின் தெரியாத வெளிமாநில நகரத்தில், சாயங்காலம் போய் இறங்கி ஒரே ராத்திரி தங்க வேண்டுமென்றால் செயலிச் சங்கிலிதான் சரி. அங்கே பகல் 12 மணி நம்மைப் பாதிக்காது, தள்ளுபடியும் முழுசாக நம் கைக்கு வரும்.

ஊட்டியும் கொடைக்கானலும் தனிக் கதை. ஏப்ரல், மே சீசனில் எந்தக் கூப்பனும் வேலை செய்யாது, சலுகையின் பொடி எழுத்தில் அந்தத் தேதிகளை விலக்கியிருப்பார்கள். அதைவிட முக்கியம், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவை. அரசுப் பஸ்ஸில் போனால் வேண்டாம். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வந்தது. ஆகவே முதலில் இ-பாஸ், பிறகு அறை. முழுப்பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாக இருந்தால் மட்டுமே வரிசையை மாற்றலாம்.