சீமைக்கருவேல்: தீயா, கோடரியா, பொக்லைனா?

கோடை பிறந்துவிட்டால் இராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஒரு யோசனை தவறாமல் எழும்: கண்மாய்களையும் புறம்போக்கையும் அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலுக்கு ஒரேயடியாகத் தீ வைத்துவிட்டால் என்ன? காட்டைக் காப்பதற்காகவே காட்டில் அளவாகத் தீ மூட்டும் முறை பல இடங்களில் வழக்கத்தில் இருப்பதால், இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கரிமூட்டத்துக்கு வெட்டுவது, பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குவது ஆகிய மற்ற இரண்டு வழிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நம் மண்ணில் தீ எவ்வளவு பலவீனமான கருவி என்பது தெரிந்துவிடுகிறது.

தீ பயன்படும் இடங்கள் உண்டு. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், சருகு காய்ந்து குவிவதற்கு முன்பே, கோடையின் தொடக்கத்தில், தரையோடு தவழும் சிறு தீயை மூட்டி வந்தனர். ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத் தீ, என்பது அதன் பெயர். 1974-இல் அம்மலை சரணாலயமாகி அவ்வழக்கம் நிறுத்தப்பட்ட பிறகு உண்ணிச்செடி புதராகப் பரவியதையும், நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்ததையும் தீ நின்றதன் விளைவு என்றே அவர்கள் சொல்கிறார்கள். நம் முதுமலையிலும் வனத்துறை கோடைக்கு முன்னர் தீத்தடுப்புக் கோடுகளில் கிடக்கும் புல்லையும் சருகையும் எரித்துவைக்கிறது. ஆனால் இவை தரையெல்லாம் புல்லும் சருகும் கிடக்கும் இலையுதிர் காடுகள். தீ அடியில் ஓடிப் போய்விடும். தடித்த பட்டையுள்ள பெரிய மரம் நிற்கும்.

நம் கரையோரத்தில் நிலைமை தலைகீழ். அடர்ந்த சீமைக்கருவைக் காட்டுக்குள் குனிந்து நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தரையில் புல் அரிது. ஆகவே சிறு தீ உள்ளே ஓடாமல் ஓரத்திலேயே அணைந்துபோகும். ஓடவேண்டுமானால் மரமே பற்றும் அளவுக்குப் பெருந்தீ வேண்டும், அதைக் கட்டுப்படுத்திய தீ என்று அழைப்பதில் பொருளில்லை. அப்படியே பற்றினாலும் மரம் சாவதில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மாசி மாதம் யாரோ வைத்த தீயில் கருகிய ஒரு தூரைப் பங்குனிக் கடைசியில் மண்வெட்டியால் சுற்றித் தோண்டிப் பார்த்தேன். மேலே, தொட்டால் கையில் ஒட்டும் கரி. ஒரு சாண் கீழே, நகத்தால் கீறினால் ஈரப் பச்சை. இரண்டுக்கும் நடுவிலிருந்து பென்சில் பருமனில் ஏழு துளிர்கள். ஒற்றைத் தண்டாக நின்ற மரத்தை ஏழு தண்டுப் புதராக்கியதுதான் அந்தத் தீ செய்த வேலை. இம்மரம் துளிர்க்கும் மொட்டுகள் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், மேலே எரிவது அவற்றை எட்டுவதே இல்லை.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் தீ வைப்பதைக் கடற்கரைக்காரர் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார். காற்று அடங்கிய தை, மாசியில் வைக்கலாம் என்றால், 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களின் மரங்களில் அப்போதும் நாரைகள் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கக்கூடும். பனங்காட்டை ஒட்டிய இடமென்றால் இன்னும் மோசம்: காவோலை தொங்கும் பனையில் பொறி விழுந்தால் தீ உச்சிக்கு ஏறிவிடும், குருத்து வெந்த பனை பிழைக்காது.

கோடரியின் கதை வேறு. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது கரிமூட்டம்தான். விறகை நெருக்கி அடுக்கி, செத்தையால் மூடி, மண் பூசி, காற்றை அடக்கிப் பல நாள் புகையவிடும் அந்த வேலையும் கட்டுப்படுத்திய தீயே. சொல்லப்போனால் இந்த மாவட்டத்தில் தீயை உண்மையாகவே அடக்கி ஆளத் தெரிந்தவர்கள் மூட்டம் போடுபவர்கள் மட்டுமே. ஆனால் மரத்தை ஒழிப்பது அவர்கள் நோக்கமன்று. தூர் இருந்தால்தான் சில ஆண்டுகளில் மறுவெட்டு கிடைக்கும் என்பதால் தூரை விட்டுவிடுகிறார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

தூரோடு பிடுங்குவது செலவு மிகுந்த வழி. கவனமில்லாத ஓட்டுநர் கண்மாய்க்கரையையே உடைத்துவிடுவதும் உண்டு. இருந்தும் மொட்டு உள்ள பகுதி முழுவதையும் மண்ணிலிருந்து வெளியே எடுப்பது இது ஒன்றுதான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் வேகம்பிடித்த அகற்றும் பணி, அதே ஆண்டில் சென்னை அமர்வு விதித்த இடைக்காலத் தடையால் நின்றது. 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கையோ, அயல் தாவரத்தை அகற்றுவதையும் சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. பிடுங்கிய குழியை வெறுமனே விட்ட இடங்களில் மறுமழைக்கே கருவை திரும்பியதைப் பார்த்த எனக்கு, அந்த இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு வந்து விழுந்து முளைக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதையைப் பொக்லைனும் எடுக்காது, தீயும் சுடாது.

ஆகவே என் தேர்வு கோடரியும் பொக்லைனும் சேர்ந்த வழி. மரத்தை மூட்டத்துக்குக் கொடுக்கும் குத்தகையிலேயே தூரெடுப்பையும் சேர்த்துவிடலாம். தூர்க்கட்டையும் கரியாகும் என்பதால் செலவில் ஒரு பகுதி அதிலேயே திரும்பும். குழிகளை மூடி, ஐப்பசி மழைக்கு முன் கரைமேட்டில் பனங்கொட்டையும், கண்மாய் உள்வாயில் நாட்டுக்கருவேலும் ஊன்ற வேண்டும். மழை விட்டதும் முளைத்து நிற்கும் கருவைக் கன்றுகளை, மண் ஈரமாக இருக்கும்போதே, வேர் அறாமல் கையால் பிடுங்கிவிடலாம். முழங்கால் உயரம் தாண்டிவிட்டால் மறுபடி மண்வெட்டியைத் தேட வேண்டியதுதான்.