வீவக வீட்டில் சிறிய ஒயின் குளிர்பெட்டி: வாங்கலாமா?

சிங்கப்பூரில் ஒயின் மலிவான பொருளன்று. அதிலுள்ள ஆல்கஹாலை அளந்து லிட்டருக்கு 88 வெள்ளி வீதம் தீர்வை விதிக்கப்படுவதால், 13.5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 750 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றின் விலையில் ஏறத்தாழ 8 வெள்ளி 90 காசு தீர்வையாகவே போய்விடுகிறது. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. இவ்வளவு கொடுத்து வாங்கியதை, பகலில் 31, 32 டிகிரியைத் தொடும் வரவேற்பறையின் கண்ணாடி அலமாரியில் அழகுக்காக நிறுத்தி வைப்பது பலரது வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்தை விட்டுவிட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சிறிய ஒயின் குளிர்பெட்டியைத்தான். அப்படி நான் வாங்கிப் பயன்படுத்திவரும், 18 போத்தல்கள் கொள்ளும் என்று விற்கப்படும் கம்ப்ரஸர் வகைப் பெட்டியைப் பற்றியும், திறந்த போத்தலைக் காப்பதற்கென்று கூடவே விற்கப்படும் சில்லறைக் கருவிகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியின் நிறுவனப் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இந்த விலையில், அதாவது 500 வெள்ளிக்குச் சற்றுக் கீழே, கிடைப்பவற்றுள் பலவும் உள்ளே ஏறக்குறைய ஒரே அமைப்பைக் கொண்டவை. முகப்பில் ஒட்டிய பெயர்தான் மாறுகிறது. ஆகவே பெயரைக் காட்டிலும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும்.

முதலில் பார்க்க வேண்டியது குளிர்விக்கும் முறை. சிறிய ஒயின் பெட்டிகள் இரு வகை. ஒன்று, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் கொண்டது. மற்றொன்று பெல்டியர் தகட்டில் இயங்குவது. மின்சாரம் பாயும்போது இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதை 1834இல் கண்டறிந்தவர் பிரான்சைச் சேர்ந்த பெல்டியர். அவர் பெயரில்தான் இந்தத் தகடும் வழங்குகிறது. விசிறியைத் தவிர அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் இவ்வகைப் பெட்டி சத்தமின்றி, அதிர்வின்றி இயங்கும். விலையும் குறைவு. கடைக்காரர் முதலில் இதைத்தான் காட்டுவார். ஆனால் இதன் வலிமை சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது: அறையின் வெப்பநிலையிலிருந்து பத்து முதல் பதினைந்து டிகிரி வரைதான் இதனால் கீழே இறக்க முடியும். 20 டிகிரி இருக்கும் ஐரோப்பிய வீட்டில் அது தாராளம். 31 டிகிரி இருக்கும் நம் அறையில், பெட்டி ஓயாமல் ஓடியும் உள்ளே 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்கத் திணறும். இரவில் ஏர்கான் போட்டுக் காலையில் அணைக்கும் படுக்கையறையில் வைத்தாலோ, உள்ளிருக்கும் வெப்பநிலை நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏர்கான் இரவும் பகலும் ஓடும் வீடாக இருந்தாலன்றி, இந்த ஊரில் பெல்டியர் பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனை விளம்பரங்கள் ஈரப்பதம், அதிர்வு, புற ஊதாக் கதிர், நீல விளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகின்றன. ஒயின் போத்தலுக்குள் நிகழும் வேதி மாற்றங்கள் எல்லாமே வெப்பம் கூடக்கூட விரைவடைகின்றன. 12, 13 டிகிரியில் பல ஆண்டுகளுக்கு மெல்ல நடக்க வேண்டிய முதிர்ச்சி, 30 டிகிரியில் சில மாதங்களுக்குள் அவசரமாக, அதுவும் வேறு பாதையில், நடந்துவிடுகிறது. பழத்தின் புதுமணம் போய் வேகவைத்த பழத்தின் வாடை வருகிறது. வெள்ளை ஒயின் பழுப்பேறுகிறது. ஒயினைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் கந்தக டை ஆக்சைடும் சூட்டில் விரைவாகத் தீர்ந்துபோகிறது. இதற்கிடையில் திரவம் விரிந்து தக்கையை உள்ளிருந்து தள்ளும். தக்கை போத்தலின் வாயைவிட ஓரிழை உயர்ந்து, மேலே சுற்றிய தகட்டின் கீழ் ஒட்டிக்கொள்ளும் கசிவுத் தடம் தெரிந்தால், அந்தப் போத்தல் எங்கோ நல்ல சூடு வாங்கியிருக்கிறது என்று பொருள். கடையில் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குவது நல்லது.

இங்கே, வீட்டுக்குள்ளேயே கட்டப்படும் குண்டுப் புகலிடமான ‘பாம் ஷெல்டரை’ப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட இந்தப் புகலிடம் பெரும்பாலும் சாமான் அறையாகவே பயன்படுகிறது. சன்னல் இல்லை, இருட்டு, அசைவில்லை. ஆகவே ஒயினுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று சொல்வோர் நிறைய. இருட்டும் அசைவின்மையும் உண்மைதான். ஆனால் பிரான்சில் நிலத்துக்கடியில் இருக்கும் பாதாள அறையின் குளிர்ச்சி இதற்கு எங்கிருந்து வரும்? பத்தாவது மாடியில், இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் காற்றுக்கு நடுவில் நிற்கும் கான்கிரீட் அறை அது. வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது என்பது மட்டுமே அதன் சிறப்பு. நிலையாக 29 டிகிரியில் இருப்பதை ஒயின் சேமிப்பு என்று சொல்ல இயலாது. குளிர்பெட்டியையே அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்ற யோசனை இன்னும் மோசம். பெட்டி உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும். அடைபட்ட அறை சூடேறச் சூடேறக் கம்ப்ரஸருக்கு ஓய்வே கிடைக்காது.

நான் பயன்படுத்தும் பெட்டி வரவேற்பறைச் சுவரோரம், பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கிறது. 5 முதல் 18 டிகிரி வரை வைக்கலாம். நான் 13இல் வைத்திருக்கிறேன். முகப்புத் திரை எப்போதும் அடக்கமாக 13 என்றே காட்டும். அதை நம்பாமல், காலியான ஒயின் போத்தலில் தண்ணீர் நிரப்பி, கம்பி முனை கொண்ட சமையலறை வெப்பமானியை அதன் கழுத்துக்குள் இறக்கி, ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரவு, போத்தல் முழுதும் படுத்துவிடாதபடி சாய்த்து வைத்துப் பார்த்தேன். கீழ்த்தட்டில் தண்ணீர் 12 டிகிரியை ஒட்டியும், மேல்தட்டில் 14 டிகிரியைச் சற்றுத் தாண்டியும் இருந்தது. கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போதெல்லாம் பெட்டிக்குள் காற்றின் வெப்பநிலை கூடிக் குறைந்தாலும், போத்தலுக்குள் இருக்கும் நீர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. திரையில் தெரியும் எண் உணரியின் அருகிலுள்ள காற்றைத்தான் அளக்கிறது. நமக்கு வேண்டியது போத்தலின் உள்ளே இருப்பது. இந்தச் சோதனையில் பெட்டி நன்றாகவே தேறியது. இரண்டு டிகிரி மேல்கீழ் வேறுபாடு ஒரு குறையே அன்று: உடனே அருந்தும் சிவப்பு ஒயினை மேலேயும், நாள்பட வைக்க நினைப்பதைக் கீழேயும் அடுக்கிக்கொள்ளலாம். இதே காரணத்தால், இரு வெப்பநிலை அறைகள் கொண்ட பெட்டிக்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்த வசதி பரிமாறும் சூட்டுக்காக ஏற்பட்டது. சேமிப்பைப் பொறுத்தவரை சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே வெப்பநிலை போதும்.

கொள்ளளவைப் பற்றிய உறுதிமொழியைத்தான் ஏற்க முடியவில்லை. ‘18 போத்தல்’ என்பது தோள் உயர்ந்து உடல் ஒடுங்கிய போர்தோ வடிவப் போத்தல்களை மட்டும் தலைமாற்றி அடுக்கிப் போட்ட கணக்கு. பினோ நுவார், ஷார்டனே போன்ற திராட்சை வகைகளின் ஒயின் வரும் அகன்ற பர்கண்டிப் போத்தல் தட்டில் புகும்போதே மேல்தட்டின் கம்பியில் உராய்ந்து லேபிளைக் கிழிக்கிறது. ஷாம்பேன் போத்தலை வைக்க ஒரு தட்டையே கழற்ற வேண்டியிருக்கிறது. எல்லா வடிவங்களும் கலந்து வாங்குபவருக்கு இது பதின்மூன்று, பதினான்கு போத்தல் பெட்டிதான். வாங்கப் போகும்போது ஓர் அகன்ற போத்தலைக் கையோடு கொண்டுபோய்த் தட்டில் நுழைத்துப் பார்ப்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஈரப்பதம் பற்றிய கவலை நம் ஊருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வெளிக்காற்றிலேயே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தக்கை காய்ந்து சுருங்குவது இங்கே எளிதில் நடவாது. கதவுக் கண்ணாடியின் வெளிப்புறம் மழைநாளில் வியர்த்து, தரையில் நீர் சொட்டுவதுதான் நமக்குள்ள தொல்லை. ஒரு துணியை மடித்துக் கீழே போட்டிருக்கிறேன். இயற்கைத் தக்கை போட்ட போத்தலைப் படுக்கை வசமாக வைத்தால் தக்கை நனைந்தே இருக்கும். திருகு மூடிக்கு அந்தக் கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினின் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து 2000ஆம் ஆண்டில் திருகு மூடிக்கு மாறியது முதல், நம் கடைகளுக்கு வரும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒயின்களில் பெரும்பகுதி அந்த மூடியோடுதான் வருகின்றன. அவற்றை நிறுத்தி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வெளிச்சத்துக்கு நிறமற்ற கண்ணாடிப் போத்தல்தான் அஞ்ச வேண்டும்: ஒளி பட்டால் கந்தகச் சேர்மங்கள் உண்டாகி, ஈரக் கம்பளி வாடை வரும். பெட்டியின் கதவு கருமைபூசிய கண்ணாடி என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. கம்ப்ரஸரின் சத்தம் தொலைக்காட்சி ஓடும்போது கேட்பதில்லை, நள்ளிரவில் கேட்கும். படுக்கையறைக்கு இது உகந்ததன்று.

இனி, திறந்த பின். தக்கையை எடுத்த கணத்திலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் வேலையைத் தொடங்கிவிடும். மணம் மங்கும், நாளடைவில் புளிப்புக் காடி வாடை ஏறும். இதைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் கருவிகளில் பரவலானது, ரப்பர் அடைப்பானைச் செருகிக் கையால் இழுத்துக் காற்றை வெளியேற்றும் வெற்றிடப் பம்ப். 20 வெள்ளி அளவில் கிடைக்கும். அது காற்றைக் குறைக்கும், முழுதாக நீக்காது. அடைப்பானும் நேரம் ஆக ஆகச் சிறிது விட்டுக்கொடுக்கும். ஒரே ஒயினின் இரு போத்தல்களைப் பாதி காலியாக்கி, ஒன்றுக்குப் பம்ப் போட்டும் மற்றொன்றுக்கு அதன் தக்கையையே திரும்ப அடைத்தும் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியில் நிறுத்தி வைத்து, இரண்டு நாள் கழித்து எது எது என்று தெரியாமல் ஊற்றித் தரச் சொல்லிக் குடித்தபோது, எனக்கோ உடனிருந்தவர்களுக்கோ வேறுபாடு பிடிபடவில்லை. இரண்டுமே நன்றாக இருந்தன. காப்பாற்றியது குளிர்தான். திறந்த சிவப்பு ஒயினைச் சமையல் மேடையிலேயே விட்டுவிடும் பழக்கத்தை மாற்றினாலே மூன்று நான்கு நாள் கிடைக்கும். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் நம் அறைச் சூட்டில் தானாகச் சரியாகிவிடும்.

கோராவின் என்னும் கருவி வேறு வகை. மருத்துவக் கருவிகளை வடிவமைத்துவந்த கிரெக் லாம்பிரெக்ட் உருவாக்கி 2013இல் விற்பனைக்கு வந்த இது, தக்கையை எடுக்காமலே மெல்லிய ஊசியால் துளைத்து, ஆர்கான் வாயுவைச் செலுத்தி ஒயினை வெளியே தள்ளுகிறது. ஊசியை உருவியதும் இயற்கைத் தக்கை தன் துளையை மூடிக்கொள்கிறது. ஒயினோடு வினை புரியாத வாயு என்பதால் மிச்சம் நெடுநாள் நிலைக்கும். விலையுயர்ந்த ஒரு போத்தலை மாதக்கணக்கில் குவளை குவளையாக அருந்துபவருக்கு அது தகும். செயற்கைத் தக்கை துளையை அப்படி மூடிக்கொள்ளாது, திருகு மூடிக்குத் தனி மூடி வாங்க வேண்டும், வாயுக் குப்பி தீரத் தீர மாற்ற வேண்டும் என்பவற்றைக் கூட்டிப் பார்த்தால், 30, 40 வெள்ளி ஒயின் அருந்தும் குடும்பத்துக்கு அது தேவையற்ற செலவு.

இவை இரண்டையும்விட எனக்குப் பிடித்த வழிக்குக் காசே வேண்டாம். 375 மில்லிலிட்டர் அரைப் போத்தல் ஒன்று, திருகு மூடியோடு, காலியானதும் வெந்நீரில் கழுவிக் காய வைத்திருக்க வேண்டும். முழுப் போத்தலைத் திறந்த உடனே, உணவு தொடங்கும் முன்பே, பாதியை அதில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட வேண்டும். காற்றுக்கு இடமே இல்லாததால் குளிரில் ஒரு வாரம் கழித்தும் அது ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. சாப்பிட்டு முடித்து மிஞ்சியதை ஊற்றி வைத்தால் இந்தப் பயன் கிடைக்காது. அதற்குள் அது காற்றை வேண்டிய மட்டும் குடித்திருக்கும்.

நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் இரு கொக்கிகள் கொண்ட ஷாம்பேன் அடைப்பான் அவசியம். 10 வெள்ளிக்குள் கிடைக்கும் அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். போத்தல் வாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை அடங்காது என்பது வெறும் நம்பிக்கை. ஆல்கஹால் கூட்டிய ஒயின்கள் திறந்த பின்னும் நெடுநாள் நிற்கும்: போர்ட் வகைகளில் டானி சில வாரங்கள் தாங்கும். மடெய்ரா மாதக்கணக்கில் அசையாது.

ஆக, மாதத்துக்கு இரண்டு போத்தல் வாங்கி அந்தந்த வாரமே முடிப்பவருக்கு இந்தக் குளிர்பெட்டி வேண்டாம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டும் ஓர் அரைப் போத்தலும் போதும். மலிவு விற்பனையில் பெட்டியாக வாங்குபவர், பயணத்தில் கொண்டுவந்த நல்ல போத்தலை ஓரிரு ஆண்டு காத்திருந்து திறக்க விரும்புபவர் ஆகியோர் தாராளமாக வாங்கலாம்: கம்ப்ரஸர் வகையாக, ஒற்றை வெப்பநிலை கொண்டதாக, தாம் நினைப்பதைவிட ஓர் அளவு பெரியதாக. வீட்டுக்கு வந்து இறங்கியதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதைக் கொண்டுவருபவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்; படுக்க வைத்து ஏற்றி வந்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் தேவைப்படும்.